என் கையால் மட்டும் சாப்பிடுகிறவர்

ஜூன் 12, ஞாயிறு

இன்று கடையைச் சீக்கிரமே மூடிவிட்டேன். நூடுல்ஸ் மிச்சமிருந்தது, பானை அடியில் சூப்பும் இருந்தது. எனக்குத்தான் தெம்பு இல்லை.

கடை வீட்டுக்குக் கீழே, தூண்களுக்கு நடுவில். என் வீட்டுக்காரர் மேலே. நான் நூடுல்ஸை வெந்நீரில் அமுக்கி எடுக்கும் சத்தம் கேட்டாலே மேலேயிருந்து குரல் வந்துவிடும். "லமாய், கொதிச்சுதா?" கொதிச்சுது. "நல்லா கொதிச்சுதா?" நல்லா கொதிச்சுது. அவருடைய கிண்ணத்துக்கு மட்டுமில்லை, கடைக்கு வருகிற ஒவ்வொருவரின் கிண்ணத்துக்கும் இதே கேள்விதான். யாராவது நம் கடையில் சாப்பிட்டுச் செத்துப்போனால் அந்தப் பாவம் தன் தலையில் விழும் என்று பயம். இன்று லாரிக்காரர் ஒருவர் எனக்கு முந்திக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினார். "கொதிச்சிருச்சுண்ணே! என் நாக்கே வெந்துபோச்சு!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். ஆனால் அந்தப் பதில் செல்லாது. "லமாய்?" என்று மறுபடி குரல் வந்தது. நான் சொன்னால்தான் அவருக்கு அடங்கும்.

பெரிய வெள்ளம் வந்த வருஷம் அரிசி ஆலையில் அவரோடு எடை போட்டுக்கொண்டிருந்தவர் எலிக்காய்ச்சலில் போய்விட்டார். காலில் சின்னப் புண், வெள்ளத்தில் எலி மூத்திரம், முடிந்தது. அன்றிலிருந்து இவர் கழுவுகிறார். வேலையை விட்டார், வெளியே போவதை விட்டார். கையெல்லாம் செதில் செதிலாக வெடித்துக் கிடக்கிறது. கோயில் பிரசாதம் கிடையாது, பெற்ற மகள் ஊட்டினாலும் வேண்டாம். என் கையால் சமைத்து, அவர் கண் முன்னால் கிண்ணத்தில் கொதிநீர் ஊற்றி அலசி, என் கையாலேயே வைத்தால் சாப்பிடுவார்.

முதல் வருஷங்களில் எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. சொன்னால் வெட்கம்.

ஜூன் 14, செவ்வாய்

சங்வியான் ஐஸ் காபி வண்டியை என் கடை வாசலில் நிறுத்திவிட்டு, காபி விற்கிறாளோ இல்லையோ, சேதி விற்பாள். இன்றைய சேதி கஞ்சா. அரசாங்கம் அவிழ்த்து விட்டுவிட்டதாம், வீட்டிலேயே வளர்க்கலாமாம்.

"எங்கக்கா மவன் கடையே போட்டுட்டான்க்கா. டவுன்ல, பச்சை லைட்டு போட்டு. நேத்து வரைக்கும் இதுக்கு ஜெயிலு, இன்னிக்கு இதுக்கு ரிப்பன் வெட்டு." அப்புறம் என் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "அந்தக் காலத்துல படகுல வித்த நூடுல்ஸ் சூப்புல இந்த இலைதான் கிடக்குமாம். அதான் சாப்பிட்டவன் மறுபடி மறுபடி வந்தான். இனிமே நீயும் போடு. போலீஸ்காரனே வந்து ரெண்டு கிண்ணம் கேப்பான்."

ராயோங் தொழிற்சாலையிலிருந்து மகள் பிம் போனில் பேசினாள். அவளிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அம்மா, அப்பாவுக்கு இருக்கிற இந்த எண்ணச் சுழற்சி நோய் இருக்கிறவங்க சிலபேரு, அது எடுத்தா எண்ணம் அடங்குதுன்னு சொல்றாங்களாம். படிச்சேன். ஆனா கொஞ்ச நேரத்துக்குத்தான்னும் போட்டிருக்கு..."

அவர் மேலேயிருந்து கூப்பிட்டதால் மிச்சத்தைச் சரியாகக் கேட்கவில்லை.

ஜூன் 21, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரியில் கஞ்சா மருந்துக்கென்று தனிக் கிளினிக் வைத்திருக்கிறார்கள். கடைக்கு விடுமுறை விட்டுப் போனேன். என்னைப்போல எத்தனை பேர்! மூட்டுவலிக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், புற்றுநோய்க்காரரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண்.

நர்ஸ் கேட்டாள், "நோயாளி எங்கம்மா?"

"வீட்டுலதான் இருக்காரு. கீழயே இறங்க மாட்டாரு."

"ஆள் வராம மருந்து எப்படிம்மா குடுக்கறது?" என்ன நோய் என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. புற்றுநோய் வலிக்கு உண்டு, வாந்திக்கு உண்டு, சிலவகை வலிப்புக்கு உண்டு. இதற்கு இல்லை. "மனசு நோய்க்கு இத நாங்க குடுக்கறது இல்லம்மா. சில பேருக்கு பயம் கூடிப்போயிடும். மனசு டாக்டர் ஒரவன் இருக்காங்க, அவங்களப் பாருங்க."

ஒரவன் டாக்டரை முன்பே பார்த்தோம். அவர் கொடுத்த மாத்திரையை யாரோ கையால் எடுத்துப் பையில் போட்டார்கள் என்பதற்காக இவர் விழுங்கவே இல்லை. அதை எந்த முகத்தோடு போய் அவரிடம் சொல்வது? பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஜூன் 22, புதன்

எதற்கும் அவரிடமே கேட்டுப் பார்த்தேன். "அந்தச் செடிக்கடியில எலி ஓடும்" என்றார். பேச்சு முடிந்தது.

ஜூலை 3, ஞாயிறு

போட்டுவிட்டேன்.

சங்வியான் வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு கொத்து இலை பறித்துக் கொடுத்தாள். கடைப் பானையில் போடவில்லை, வருகிறவர்களுக்குத் தெரியாமல் போடுவது தப்பு. அவருடைய சின்னப் பானையில் மட்டும், சித்தரத்தை வேர், எலுமிச்சைப் புல்லோடு சேர்த்துக் கட்டிப் போட்டேன். வருகிறவர்களுக்குத் தெரியாமல் போடுவது தப்பாம், இவருக்குத் தெரியாமல் போடுவது தப்பில்லையாம். என் நியாயத்தை என்னவென்று சொல்வது?

"கொதிச்சுதா?"

"கொதிச்சுது."

"வேற எதுவும் போடலயே?"

இதையும் தினம் கேட்பார். தினமும் நான் உண்மையைத்தான் சொல்லிவந்தேன். "வேற என்னத்தப் போடப்போறேன்?" என்றேன். குரல் பிசகவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டார். உலகத்தில் ஒருத்தரையும் நம்பாதவர் என்னை நம்பி, கடைசிச் சொட்டு வரை தூக்கிக் குடித்தார்.

ஜூலை 6, புதன்

மத்தியானம் தூங்கினார். பகலில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கீழே நூடுல்ஸ் அமுக்குகிறேன், மேலே சத்தமில்லை. என்னமோ ஆகிவிட்டதென்று ஓடிப்போய்ப் பார்த்தேன். குறட்டை.

ஜூலை 14, வியாழன்

மழைக்கால விரதம் தொடங்கிவிட்டது. கோயிலுக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோனேன். பிக்கு சொல்லச் சொல்ல எல்லோரும் பஞ்ச சீலம் ஏற்றோம். பொய் சொல்ல மாட்டேன் என்பது நாலாவது. போதை தொட மாட்டேன் என்பது ஐந்தாவது. அந்த இரண்டுக்கும் நான் வாயை மட்டும் அசைத்தேன். பக்கத்தில் சங்வியான் கணீரென்று சொன்னாள், அவளுக்கென்ன.

ஆனால் வீட்டுக்கு வரும்போது மனசு லேசாகத்தான் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூலை 24, ஞாயிறு

படிக்கட்டில் பாதி வரை இறங்கி வந்து உட்கார்ந்தார். கைப்பிடியைத் தொடவில்லை, முழங்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். லாரிக்காரர் ஆளைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "அடேயப்பா! உதோம் அண்ணனுக்கு காலும் இருக்கா? நான் குரல் மட்டும்தான்னு நெனச்சேன்." அவர் சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார்.

கேள்விகள் குறைந்திருக்கின்றன. "கொதிச்சுதா" மட்டும் இருக்கிறது, "நல்லா கொதிச்சுதா" போய்விட்டது. இன்று சாப்பிட்டுவிட்டு, "சூப்பு ருசி கூடியிருக்கே" என்றார். மழைக்காலத்து எலுமிச்சைப் புல் என்று சமாளித்தேன்.

பொய் சொல்லச் சொல்லச் சுலபமாகிறது. பயமாயிருக்கிறது.

ஆகஸ்ட் 12, வெள்ளி

அரசியம்மா பிறந்த நாள், எங்களுக்கு அன்னையர் தினம். பிம் மல்லிகைச் சரத்தோடு வந்து என் காலில் விழுந்தாள். அவர் அதே அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷம் அவள் பஸ்ஸில் வந்த துணியோடு உள்ளே வந்தாள் என்று கதவைச் சாத்திக்கொண்டவர்.

பாத்திரம் கழுவும்போது பிம் கேட்டாள், "அம்மா, என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல. தானாத்தான்."

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். ஈரக்கையோடு நின்றேன்.

ஆகஸ்ட் 19, வெள்ளி

எல்லாம் போச்சு.

மூன்று நாளாகப் பழையபடி. பழையபடி என்றால்கூடப் பரவாயில்லை. வாடிக்கையாளர் ஒருவர் இருமினார், அதிலிருந்து பிடித்துக்கொண்டது. கொதிச்சுதா, நல்லா கொதிச்சுதா, குமிழி வந்துச்சா, நீ பார்த்தியா, உன் கண்ணால பார்த்தியா. இலையை இரண்டு மடங்கு போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. நடுக்கடையில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன். "பானை கொதிக்குதோ இல்லையோ, நான் கொதிக்கிறேன்! போதுமா?" மேலே தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம். கழுவ ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு முடியல. நெஜமா முடியல. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னை யாரும் ஒண்ணும் கேக்காம இருந்தா போதும்.

சாயங்காலம் சங்வியானோடு அவள் அக்கா மகன் கடைக்குப் போனேன். சின்ன புட்டி, எண்ணெய். "இலையெல்லாம் வெறும் கீரை மாதிரி அத்தை. இதுலதான் சரக்கு இருக்கு. நாக்குக்கடியில ஒரு சொட்டு போதும்." நாக்குக்கு அடியில் நான் எப்படிப் போடுவேன்?

ஆகஸ்ட் 21, ஞாயிறு

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

காலை சூப்பில் எண்ணெய் விட்டேன். புட்டியின் வாய் அடைத்துக்கொண்டிருந்தது, குலுக்கினேன், சட்டென்று கொட்டிவிட்டது. எவ்வளவு என்று தெரியவில்லை. அந்தச் சூப்பைக் கீழே ஊற்றிவிட்டு வேறு வைத்திருக்கலாம் இல்லையா? அடுப்பில் கூட்டத்துக்கு நூடுல்ஸ், மேலே அவர் குரல், சரி போ என்று விட்டுவிட்டேன். சரி போ என்று!

கொஞ்ச நேரத்தில் ஒன்றுமில்லை. கடைக்கூட்டம் கலையும் நேரத்தில் மேலே எதுவோ விழுந்தது. போய்ப் பார்த்தால் தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கண் சிவந்து, உதடு காய்ந்து. நெஞ்சு அடிக்கிறது சட்டைக்கு மேலேயே தெரிகிறது. "லமாய், வந்துருச்சு. எலிக்காய்ச்சல் வந்துருச்சு. கண்ணு சிவந்துருச்சு பாரு. உன்னத் தொட்டுட்டேனா? நான் உன்னத் தொட்டுட்டேனா?" தான் சாகப்போகிறோம் என்று நினைக்கிற நேரத்திலும் எனக்கு ஒட்டிவிடுமோ என்றுதான் கவலை.

லாரிக்காரர்தான் வண்டியில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிப் படுக்கையில், யாரோ படுத்த படுக்கையில், கிடந்தார். ரத்தம் எடுத்தார்கள். சின்ன வயசு டாக்டர் கேட்டார், "என்ன சாப்பிட்டாரு? வெளிய எதாவது?"

அவரே பதில் சொன்னார். மூச்சு வாங்குகிறது, ஆனாலும் அழுத்தம் திருத்தமாக. "எம் பொண்டாட்டி சமைச்சத மட்டும்தான் டாக்டர். வேற யார் கையாலயும் சாப்பிட மாட்டேன். அதுல ஒண்ணும் இருக்காது. வேற எதாவது பாருங்க."

டாக்டர் தலையை ஆட்டி, நர்ஸிடம் அடுத்து என்னென்ன சோதனை என்று சொல்ல ஆரம்பித்தார். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டியிருக்கலாம் என்பது காதில் விழுந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்காமல், டாக்டரின் செருப்பைப் பார்த்துக்கொண்டு, இலையையும் சொன்னேன் எண்ணெயையும் சொன்னேன். எப்போதிலிருந்து என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். யாரோ போர்த்திய போர்வை.

ஆகஸ்ட் 22, திங்கள்

ரத்தத்தில் எலிக்காய்ச்சல் இல்லை. போதை இறங்கிவிட்டது. ஒரவன் டாக்டர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"பச்சை இலையக் கொதிக்க வச்சா போதை ரொம்ப ரொம்பக் கம்மிம்மா. ருசிதான் வரும்."

"அப்ப எப்படி டாக்டர் தூங்கினாரு? சிரிச்சாரே?"

"அந்த நாள்ல நீங்க எப்படி இருந்தீங்க?"

யோசித்தேன். அந்த நாட்களில் நான் சிடுசிடுக்கவில்லை. கரண்டியை வீசவில்லை. பாட்டுக்கூட முணுமுணுத்திருப்பேன். "அதனாலயும் இருக்கலாம்" என்றார். "இல்லாமலும் இருக்கலாம். இந்த நோய் சில சமயம் தானா இறங்கும், தானா ஏறும்."

அதுவரை சுவரைப் பார்த்துக் கிடந்தவர் திரும்பினார். "அது என் நோய்க்கு மருந்தா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க."

"இப்போதைக்கு யாருக்கும் உறுதியாத் தெரியாதுங்க" என்றார் டாக்டர். சில பேருக்குப் புகைத்தவுடன் எண்ணம் தணிகிறதாம், கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடுகிறதாம். சின்னதாக ஆராய்ச்சி நடந்திருக்கிறதாம். அதில் சரக்கே இல்லாத புகையைக் குடித்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் தணிந்ததாம். "நாளைக்கு இன்னும் எதாவது தெரியவரலாம். வராமலும் போகலாம். உங்களுக்கு அது பயத்தக் கூட்டிச்சு, அது மட்டும் தெரியும். தெரிஞ்ச வைத்தியம் வேற இருக்கு. மெதுவானது. கஷ்டமானது."

உறுதியாகத் தெரியாது என்ற வார்த்தையைக் கேட்டு அவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. எங்கேயோ ஒரு மருந்து இருக்கும், அதை எடுத்து வந்து ஊற்றினால் தீர்ந்துவிடும் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 26, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். என் கையால் சாப்பிடுவதில்லை.

அவித்த முட்டை, வாழைப்பழம், இளநீர். தோலும் ஓடும் உள்ளது மட்டும். சங்வியானிடம் சொல்லி முட்டை வாங்குகிறார், தானே அடுப்பு பற்றவைத்து, தானே நின்று கொதிப்பதைப் பார்க்கிறார். நான் பக்கத்தில் போனால் பாத்திரத்தை மூடிவிடுகிறார்.

கேள்வியும் இல்லை. கடையில் நூடுல்ஸ் அமுக்குகிறேன், மேலே அமைதி. லாரிக்காரர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார், "என்னக்கா, அண்ணன் ஊர்ல இல்லயா?"

ஒரு நாளாவது யாரும் என்னை ஒன்றும் கேட்காமல் இருக்கக் கூடாதா என்று அழுதேனே. இந்தா, கிடைத்துவிட்டது.

செப்டம்பர் 6, செவ்வாய்

ஒரவன் டாக்டரிடம் போனோம். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார், எதையும் பிடிக்காமல், ஒவ்வொரு பிரேக்குக்கும் தள்ளாடிக்கொண்டு. மாத்திரை இந்த முறை அட்டையோடு கொடுத்தார்கள், கத்தரியால் அவரே வெட்டி எடுத்துக்கொள்வார். அதோடு பயிற்சி. படிக்கட்டுக் கைப்பிடியைத் தொட வேண்டும். தொட்டுவிட்டுக் கழுவாமல் உட்கார வேண்டும், பயம் தானாக இறங்கும் வரை.

"ஒருத்தரும் என்னைப் பிடிச்சுத் தள்ளக் கூடாது. நான்தான் தொடுவேன்" என்றார்.

"நீங்கதான் தொடணும்" என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, "அவரு கொதிச்சுதா சுத்தமான்னு கேட்டா நீங்க பதில் சொல்லக் கூடாதும்மா. அந்தப் பதில்தான் நோய்க்குத் தீனி. கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தணும்."

"அவரு இப்ப கேக்கறதே இல்ல டாக்டர்."

"எப்படி நின்னுச்சு?"

"எம் பதில் இனி அவருக்குச் செல்லாது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் சொல்லிக்குடுக்கற வழி அது இல்ல" என்றார்.

செப்டம்பர் 19, திங்கள்

சண்டை. நல்ல சண்டை. அவர் முட்டை உரித்துக்கொண்டிருந்தார், கன்னம் ஒட்டிப்போய், பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு கிண்ணம் சூப்பாவது குடிங்க, உங்க முன்னாலயே வைக்கிறேன், என்றேன்.

"உன் முன்னால, என் முன்னால, எல்லாம் ஒண்ணுதான்." முட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உலகமே அழுக்கு, நீ மட்டும் சுத்தம்னு வச்சிருந்தேன். நிக்கறதுக்கு அந்த ஒரு இடம்தான் இருந்துச்சு எனக்கு."

"நான் இடமா? நான் மனுஷிங்க! எனக்குக் கை வலிக்கும், கால் வலிக்கும், எரிச்சல் வரும். உங்களுக்கு நல்லாகணும்னு..."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். எலி ஓடும்னீங்க."

"ஆமா." முட்டை ஓட்டைத் தட்டில் வைத்தார். "ஓடும்ல?"

அவருக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. எனக்கும் வந்தது. ஆனால் சூப்பை அவர் தொடவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தட்டை எடுத்துப்போய்க் கழுவினார். ஒரே ஒரு தடவை கழுவினார், அதைக் கவனித்தேன்.

செப்டம்பர் 29, வியாழன்

ஆறு பொங்கிவிட்டது. வருஷா வருஷம் வருவதுதான். கடைச் சாமான்களைச் சாலை மேட்டுக்குக் கொண்டுபோயாகிவிட்டது. ஊரில் பாதிப்பேர் அங்கேதான், தார்ப்பாய்க்குக் கீழே, மாடும் நாயும் டிவியுமாக. சங்வியான் காபி வண்டிக்குப் பதில் படகு ஓட்டுகிறாள். "நான் இப்ப கேப்டன், மரியாதையாப் பேசு" என்கிறாள்.

போன வருஷம் வரை தண்ணீர் வருவதற்கு முன்பே டவுனில் மாடி அறை பிடித்துப் போய்விடுவோம், அவர் வீட்டை விட்டு இறங்குவது அதற்கு மட்டும்தான். இந்த முறை அவர் வர மறுத்துவிட்டார். "ஓடினா அது துரத்தும்னு டாக்டர் சொல்றாங்க." வீட்டைச் சுற்றி எலி மூத்திரத் தண்ணீர், நடுவில் அவர். மேட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்டோபர் 4, செவ்வாய்

கைப்பிடியைத் தொட்டுவிட்டு மத்தியானம் முழுக்கக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாராம். சங்வியான் முட்டை கொடுக்கப் போனபோது பார்த்திருக்கிறாள். "வேர்த்து ஊத்துதுக்கா. வலி எடுத்த பொம்பள மாதிரி மூச்சு விடறாரு. நான் எதாவது சொல்லவான்னு கேட்டேன். வாய மூடிட்டு நில்லு, அதுதான் உதவின்னுட்டாரு. என்னைப் பார்த்து! வாய மூடிட்டு!"

நிஜமாகவே மூடிக்கொண்டு நின்றாளாம்.

அக்டோபர் 11, செவ்வாய்

நேற்றோடு விரதக் காலம் முடிந்தது. மேட்டிலேயே பிக்குகளுக்குச் சோறு படைத்தோம்.

இன்று மத்தியானம் கூட்டத்துக்கு நடுவில் கரண்டியோடு நிற்கிறேன். சங்வியானின் படகு வந்தது. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அதிலிருந்து அவர் இறங்கினார். படகின் விளிம்பைப் பிடித்துத்தான் இறங்கினார். தார்ப்பாய்க்குக் கீழே வந்து, லாரிக்காரருக்கு எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தார். லாரிக்காரர் தன் கிண்ணத்தை நகர்த்தி இடம் விட்டார்.

"ஒரு கிண்ணம்" என்றார், என்னைப் பார்க்காமல்.

என் கை தானாகக் கொதிநீர்க் கெட்டிலுக்குப் போனது, கிண்ணத்தை அலச. பாதியில் இழுத்துக்கொண்டேன். அடுக்கின் மேலிருந்த கிண்ணத்தை எடுத்தேன். எல்லோருக்கும் போடுகிற மாதிரியே நூடுல்ஸ், கீரை, சூப்பு. கொண்டுபோய் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆவி அடங்கிவிட்டது. நூடுல்ஸ் ஊறிப் பெருத்துவிட்டது. கொதிச்சுது, நல்லா கொதிச்சுது, வேற எதுவும் போடல. அத்தனையும் என் நாக்கு நுனியில் நிற்கிறது. கேட்டால் சொல்லக்கூடாது, தெரியும். அவர் கேட்கவில்லை. பிறகு எல்லோரும் எடுக்கிற மிளகாய்க் காடி டப்பாவை இழுத்து, எல்லோரும் பிடிக்கிற அந்தக் கரண்டியைப் பிடித்து, கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். சாப்பிட்டார். பாதிதான். மேஜை மேல் சிந்தியது.

இதுவரை சாப்பாட்டைப் பற்றி நான் அவரிடம் கேட்டதே இல்லை. இன்று நான் கேட்டேன். "நல்லா இருக்கா?"

"தெரியல" என்றார். வாயைத் துடைத்துக்கொண்டார். "அதுல என்ன கிடக்குன்னு எனக்குத் தெரியாது லமாய். நீ சொன்னாலும் தெரியாது. சாப்பிட்டுட்டேன்."

அவ்வளவுதான். எழுந்து போய்ப் படகில் உட்கார்ந்துகொண்டார். சந்தோஷப்பட வேண்டிய நாள், சந்தோஷம்தான். என்னை நம்பி அவர் சாப்பிட்டதெல்லாம் முடிந்துபோயிற்று, இனி யார் கையாலும் சாப்பிடுகிற மாதிரிதான் என் கையாலும். அதற்கும் கொஞ்சம் அழுதேன். கூட்டம் இருந்தது, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

இத்தனை வருஷமும் அவர் கிண்ணத்தைத் தனியாகத்தான் வைத்திருந்தேன். இன்றைக்கு அதை எடுத்து மற்றவர்கள் கிண்ணத்தோடு தொட்டியில் போட்டேன். சாயங்காலம் கழுவும்போது எது அவருடையது என்று எனக்கே தெரியவில்லை.